செய்முறைக்கு நாலு கிரெடிட்

இராசமலர் முதல் வரியை அடித்து முடித்துவிட்டு, அடுத்த வரிக்குப் போகும் வழி தெரியாமல், கணினி விசைப்பலகையின் அடியில் இருந்த நீளமான பொத்தானை அழுத்தத் தொடங்கினாள். கொப்பியில் வரி முடிந்தால் கை தானாகக் கீழே இறங்கும். இங்கே எதுவும் இறங்கவில்லை. அழுத்த அழுத்த, ஒவ்வோர் எழுத்தாகத் தேடி அடித்த வரி இடப்பக்கமாக நகர்ந்து திரையின் ஓரத்துக்குள் போய் மறைந்தது. அழித்துவிட்டேன் என்று நினைத்தாள். பக்கத்தில் நின்ற ஆய்வுகூட உதவியாளர் பரீதா குனிந்து வேறொரு பொத்தானைத் தட்டினார்.

"இதை அமத்தணும் புள்ள."

மிக மெதுவாகத்தான் சொன்னார். அந்த மெதுவைத்தான் பொறுக்க முடியவில்லை. சத்தமாகச் சொல்லியிருந்தால் திருப்பிச் சண்டையாவது பிடித்திருக்கலாம்.

மேசைக்கு அப்பால் கணினிப் பிரிவின் தலைவர் ஸைனுலாப்தீன் சேர் அவளுடைய பெறுபேற்றுத் தாளை வைத்துக்கொண்டு இருந்தார். அவள் இரண்டு வருஷம் படித்தது வடக்கில் ஒரு கல்லூரியில். சண்டையால் பாதை பூட்டியபின் போன மாதம்தான் கப்பலேறி, திருகோணமலைத் துறைமுகத்தில் வந்து இறங்கியிருந்தாள். அங்கே எடுத்த கிரெடிட்டுகளை இந்தக் கல்லூரி ஏற்றுக்கொண்டால் கணினியைத் துணைப்பாடமாக வைத்து மூன்றாம் வருஷத்தைத் தொடரலாம். தியரிக்கு நாலு, செய்முறைக்கு நாலு. எட்டும் வேண்டும். ஒன்று குறைந்தாலும் துணைப்பாடம் இல்லை. கிளிவெட்டியில் அவளுடைய வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் அவள். அப்பா தோப்பூர்ச் சந்தைக்கு நெல்லோடு போனாலும், விலை கேட்க முன்னம் "என்ர மகள் கொம்பியூட்டர் படிக்கிறாள்" என்றுதான் கதையைத் தொடங்குவார்.

"செய்முறைக்கு ஏ போட்டிருக்கு," என்றார் சேர். "வரக்குள்ள நல்லாச் செய்வன் என்டு சொன்னீங்களே. அங்க மெஷின்ல எவ்வளவு காலம் வேலை செஞ்சீங்க?"

"அங்க கரண்ட் இல்லை சேர்."

"எப்பயிருந்து?"

"நான் படிச்ச காலம் முழுக்க."

அவர் பேனையை வைத்தார். முகத்தில் கோபம் இல்லை. உண்மையாகவே அறிய விரும்புகிற ஒருவரின் முகமாக இருந்தது அது. "அப்ப எப்படிப் படிப்பிச்சாங்க?"

சொல்லியிருக்கலாம். அங்கே படிப்பித்த கனகரத்தினம் சேர் மரத்தடியில் நாலு கதிரைகளைப் போட்டு நாலு பேரை உட்கார வைத்தார் என்று சொல்லியிருக்கலாம். ஒவ்வொரு கதிரையும் கணினியின் ஒரு நினைவகம். அதில் இருக்கிறவர் ஓர் எண்ணை மனதில் வைத்திருக்க வேண்டும், கேட்டால் மட்டும் சொல்ல வேண்டும், புது எண் வந்தால் பழையதை மறந்துவிட வேண்டும். மறப்பதில் கூடப் படித்த கமலேஸ்வரியை வெல்ல ஆளில்லை. நடுவில் நிற்பவள் இராசமலர். இரண்டு எண்களையும் கேட்டு, பெரிதா சிறிதா என்று பார்த்து, ஆட்களை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் அனுப்புவாள். எழுதிய நிரலில் பிழை இருந்தால் வகுப்பு முழுவதும் மரத்தைச் சுற்றிச் சுற்றி வரும், சேர் கைதட்டி நிறுத்தும்வரை. தூரத்தில் ஷெல் விழும் சத்தம் கேட்க, வியர்த்து வழியச் சிரித்தபடி சுற்றியிருக்கிறார்கள். முடிவில்லாத சுழற்சி என்றால் என்னவென்று அவளுடைய கால்களுக்குத் தெரியும். ஆனால் இந்தக் குளிர் அறையில், வரிசையாக இருந்த சாம்பல் நிறப் பெட்டிகளுக்கு முன்னால், அது பாலர் வகுப்புப் பிள்ளைகளின் ஆட்டமாகத் தெரிந்தது. பரீதாவும் கேட்டுக்கொண்டு நின்றார். இவர்கள் சிரிக்க முன்னம் தானே சிரித்துவிட வேண்டும் போலிருந்தது.

"சும்மா விளையாட்டு சேர். கதிரையில இருத்தி ஓட விட்டவர். ஏ எல்லாம் பாவம் பாத்துப் போட்டது."

"கனகரத்தினமா?" என்றார் சேர், தாளிலிருந்த கையெழுத்தைப் பார்த்து.

"ஓம்."

சேர் தாளை மேசையில் வைத்தார்.

"தியரி நாலும் எடுக்கலாம். செய்முறை ஏலாது. பொய்யா ஏ போட்டா, உங்களுக்கு மட்டுமில்ல, அங்கயிருந்து வாற ஆருக்கும் எடுக்க ஏலாது. வெளியில இருக்கிற மத்தப் புள்ளய வரச் சொல்லுங்க."

வெளியே நீள வாங்கில் உட்கார்ந்திருந்தாள் கமலேஸ்வரி. நிலாவெளிக்காரி. ஒரே வகுப்பு, ஒரே கப்பல், கையில் ஒரே மாதிரித் தாள். யன்னலுக்குக் கீழே துறைமுகத்தில் கடற்படைப் படகு ஒன்று நுரையைக் கிழித்துக்கொண்டு போனது.

"என்னடி, கப்பல்ல வயித்தைப் பிரட்டிச் சத்தி எடுத்த மூஞ்சை மாதிரி வாறாய். கிரெடிட் தந்தவரோ?"

"உன்னைக் கூப்பிடுறார்."

"என்ன கேட்டவர்?"

"ஒண்டும் கேக்கேல்ல. போ."

கணினி அறைக்குள் செருப்போடு போகக் கூடாது. கமலேஸ்வரி தன்னுடையதைக் கழற்றிவிட்டு, தலையைத் தடவிக்கொண்டு உள்ளே போனாள். இராசமலர் தன்னுடையதை மாட்டிக்கொண்டாள். பஸ்ஸுக்குப் போயிருக்கலாம். போகவில்லை. கதவு சரியாகச் சாத்தியிருக்கவில்லை.

"கரண்டோ? மெழுகுதிரிக்கே வழியில்லை சேர்," என்று கமலேஸ்வரியின் குரல் கூச்சமே இல்லாமல் கேட்டது. "ஆனா படிச்சனாங்கள். வடிவாப் படிச்சனாங்கள். நாலு கதிரை இருந்தாக் காட்டுவன்."

"விளையாட்டு என்டுதான் கேள்விப்பட்டன்."

"ஆர் சேர் அப்பிடிச் சொன்னது? விசர்க் கதை. வெளியில மலர் நிக்கிறாள், அவளைக் கேளுங்கோ. கனகரத்தினம் சேர் தனக்குப் பிழைச்சா அவளைத்தான் கேக்கிறவர். அவள் சொல்லட்டும்."

சொன்னது மலர்தான் என்று பரீதா சொல்லிவிடுவார் என்று இராசமலர் காத்திருந்தாள். அவர் சொல்லவில்லை. ஒரு கதிரை பின்னால் தள்ளப்பட்டது.

கதவு திறந்தது. ஸைனுலாப்தீன் சேர் அவளைக் கூப்பிடவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார், அவ்வளவுதான். அவருடைய தோளுக்குப் பின்னால் கமலேஸ்வரி பல்லெல்லாம் தெரியச் சிரித்துக் கையசைத்தாள்.

"வா மலர், வந்து சேருக்குச் சொல்லு."

இராசமலர் குனிந்து ஒரு செருப்பைக் கழற்றினாள். அறைக்குள்ளிருந்து வந்த குளிர் அந்த வெறுங்காலில் பட்டது. மற்றக் கால் செருப்புக்குள்ளேயே நின்றது.