பேமாராமின் கடைசிக் குளியல்

"மதினி, தண்ணி இவ்வளவுதானா?" மறைப்புக்குக் கட்டிய சேலைக்கு மேலே தலையை நீட்டிக் கேட்டான் கொழுந்தன் கேத்தாராம்.

"அவ்வளவுதான் தம்பி. பாத்து ஊத்துங்க," என்றாள் தீஜு.

மறைப்புக்கு உள்ளே, முற்றத்துக் கல்லில், அவள் புருஷன் பேமாராம் கிடந்தார். விடியும்வரை இருமிக்கொண்டிருந்தவர், இருமல் நின்றதும் போய்விட்டார். ஏரிக்குக் காவல்காரர். வற்றிப்போன ஏரியில் மிஞ்சியது நகரத்துக்கு மட்டும்தான் என்று உத்தரவு. ஊருக்கு வர வேண்டிய தண்ணீர் லாரியையும் காணோம். மணல்மேட்டுக்கு அப்பால், நகரத்துக்கு இறைக்கும் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.

"ஏரியவே காத்தான் எங்கண்ணன். ஒரு நாளாவது வீட்டுக்கு ஒரு வாளி கொண்டாந்திருப்பானா?" என்றான் கேத்தாராம் சேலைக்கு உள்ளிருந்து.

"கொண்டாந்திருந்தா நீங்கதான் மொதல்ல போய்ச் சொல்லியிருப்பீங்க," என்றாள் தீஜு.

முற்றத்தில் கூடியிருந்தவர்களில் யாரோ சிரித்து, சட்டென்று இருமலாக மாற்றிக்கொண்டார்கள்.

தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. சேலைக்கு அடியில், கல்லின் சரிவில் அது வழிந்து வந்தது. தீஜு யோசிக்கவே இல்லை. வீட்டில் யார் குளித்தாலும் செய்வதுபோல், அகலச் சட்டியை அந்த விளிம்பில் தள்ளி வைத்தாள். குளித்த தண்ணீர் மாட்டுக்கு.

"அடியே, என்ன காரியம் பண்ற!" நாத்தனார் ஜம்கு பதறினாள். "பொணத்தக் குளிப்பாட்டின தண்ணிடி!"

தீஜுவின் கை சட்டியிலேயே நின்றது. "பழக்கம்க்கா."

"நல்ல பழக்கம்! கொண்டுபோய் அதுக்குன்னு தோண்டின குழியில கொட்டு. மாட்டுக்குக் காட்டினியோ, அந்தப் பாவம் ஏழு ஜென்மத்துக்கும் போகாது."

"நேத்துலேர்ந்து அது வாய நனைக்கலக்கா. சினையா வேற இருக்கு. எனக்குன்னு இனி அது ஒண்ணுதான்."

ஜம்கு திரும்பிப் பார்த்தாள். வேலியோரம் பசு நாக்கைத் தொங்கவிட்டு நின்றது.

வெயில் ஏறுவதற்குள் பாடையைத் தூக்கிவிட்டார்கள். சுடுகாட்டுக்குப் பெண்கள் போவதில்லை. ஜம்கு வாசலில் உட்கார்ந்து, செத்த தம்பியின் பெயரைச் சொல்லி அழுதாள். தீஜு சட்டியைத் தூக்கிக்கொண்டு குழியை நோக்கி நடந்தாள். தண்ணீர் வாடை பட்டதும் பசு கயிற்றை இழுத்தது. முன்னங்கால் மடங்கி விழுந்து, எப்படியோ எழுந்தது.

குழி எட்டும் தூரத்தில்தான் இருந்தது. அவள் நின்றாள். திரும்பி வந்து சட்டியைப் பசுவின் முன்னால் வைத்தாள். முக்காட்டை முகம் மறைய இழுத்துவிட்டுக்கொண்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள்.

தண்ணீர் தீர்ந்த பிறகும், பசு சட்டியை நக்கும் சத்தம் முதுகுக்குப் பின்னால் வெகுநேரம் கேட்டது.