முனை ஒடித்த ஸ்கேல்

பேராசிரியர் கரும்பலகையில் 'ஆசிரியரின் சுதந்திரம்' என்று எழுதிக்கொண்டிருந்தபோது, வகுப்பில் பாதிப் பேர் மடியில் நோட்டுக் கட்டை வைத்துத் திருத்திக்கொண்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை வகுப்பு. பாடத்திட்டமும் கற்பித்தலும் என்ற முதுகலைப் படிப்பு. படிக்க வந்தவர்கள் எல்லோரும் வாரம் முழுக்க ஏதோ ஒரு பள்ளியில் தொண்டை வறளக் கத்திவிட்டு வந்த வாத்தியார்கள். மூன்றாம் வகுப்பு டீச்சர் மேசைக்குக் கீழே சிவப்புப் பேனாவை ஓட்டியபடி, இடையிடையே நிமிர்ந்து தலையாட்டினாள். எந்த இடத்தில் ஆட்டினால் பாடம் கேட்பது போலிருக்கும் என்பது அவளுக்கு அத்துப்படி. அவளுடைய பிள்ளைகள் அவளிடம் தினமும் அதைத்தான் செய்தார்கள்.

பேராசிரியர் கண்டும் காணாதவராக இருந்தார். அவரும் மணிக்கணக்குச் சம்பளக்காரர்தான். இது முடிந்ததும் ஊரின் மறுகோடியில் இன்னொரு கல்லூரிக்கு பஸ் பிடித்து ஓட வேண்டும்.

"திருத்துறவங்க திருத்துங்க. பேனா சத்தம் மட்டும் கேக்காம பாத்துக்குங்க. இல்லேன்னா சுதந்திரம்னு பேசறப்ப எனக்கே சிரிப்பு வந்துரும்" என்றார்.

அவளாக ஆசைப்பட்டு வந்த படிப்பில்லை. பள்ளித் தாளாளர் ஆசிரியர்களையெல்லாம் கூப்பிட்டு வைத்துச் சொல்லியிருந்தார்: "இனிமே இந்தப் பட்டம் இல்லாதவங்கள வச்சுக்க முடியாது, ரூல் வந்துருச்சு. படிச்சு முடிங்க, நிரந்தரம் பண்றேன்." பாதிப் பேர் வேறு பள்ளி பார்த்துக்கொண்டு போனார்கள். இவள் சேர்ந்தாள். ஞாயிறு என்ற ஒன்று வீட்டில் இல்லாமல் போயிற்று.

படிப்பு முடிய ஒரு பாடத்தைத் தானே வடிவமைத்து, தன் வகுப்பில் நடத்திக் காட்ட வேண்டும். அளத்தல் பாடத்தை எடுத்துக்கொண்டாள். பிள்ளைகள் பென்சிலை ஸ்கேலில் வைப்பார்கள். முனை நிற்கும் எண்ணைக் கத்துவார்கள். அது சரியாகவும் இருக்கும். ஆனால் அவர்கள் அளக்கவில்லை, எண்ணைப் படிக்கிறார்கள் என்ற சந்தேகம் அவளுக்குப் பல வருடமாக இருந்தது. அதனால் ஸ்கேல்களின் தொடக்கத்தை அறுத்து எடுத்துவிடுவது என்று தீர்மானித்தாள். ஒன்று மூன்றில் தொடங்கும், ஒன்று ஐந்தில்.

வெல்டரான அவள் புருஷன் அறுத்துக் கொடுத்தான். பட்டறையில் கண் எரிந்து வந்தவன், வாசற்படியில் இரும்பு அறுக்கும் ஆக்ஸா பிளேடோடு உட்கார்ந்தான்.

"அவனவன் பொண்டாட்டி பட்டம் வாங்கினா மாலை போடுவான். என் தலையெழுத்து, ஸ்கேல் அறுத்துக்கிட்டிருக்கேன்."

"ஸ்கேல மட்டும் அறுங்க. என்னப் போட்டு அறுக்காதீங்க."

"சரிங்க டீச்சரம்மா. நிரந்தரம் ஆனதும் ஞாயித்துக்கிழமையில நம்ம வீட்டுப் பக்கமும் வந்துட்டுப் போங்க."

வகுப்பில் அந்தப் பாடம் சந்தைக்கடையாக இருந்தது. ஒரே நீளப் பென்சிலை ஒருவன் ஒன்பது என்றான், பக்கத்திலிருந்தவள் பதினொன்று என்றாள். டீச்சர் வாயே திறக்கவில்லை. கை பரபரத்தது, கையைக் கட்டிக்கொண்டாள். கடைசியில், குட்டை என்று எல்லோரும் கூப்பிடும் சிறுமி பெஞ்சின் மேலேயே ஏறிவிட்டாள்.

"மிஸ், இவன் பொய் சொல்றான்! ரெண்டு பென்சிலையும் பக்கத்துல வச்சா ஒண்ணாத்தான் இருக்கு. இந்த ஸ்கேலுங்களுக்குத்தான் தலை இல்ல!"

பிறகு பிள்ளைகளே ஒவ்வொரு கோடாகத் தாண்டி எண்ணத் தொடங்கினார்கள். பார்க்க வந்திருந்த பேராசிரியர், போகும்போது, "நான் இத்தனை வருஷமா சொல்லிக்கிட்டிருக்கேன், இன்னிக்குத்தான் பாத்தேன்" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினார். தாளாளரும் கேள்விப்பட்டார். பாடத்தை வாங்கிப் பள்ளியின் முத்திரையோடு அச்சடித்து எல்லாக் கிளைகளுக்கும் அனுப்பினார். உள்ளே அவள் பெயர் இல்லை. நிரந்தரம் ஆகப்போகிறவள் இதற்கெல்லாம் மூக்கைச் சிந்துவதா என்று இருந்துவிட்டாள்.

பட்டம் வந்த அன்று விளையாட்டு மாஸ்டர் மட்டும் அவளை வராந்தாவில் நிறுத்தினார்.

"சொல்றேன்னு கோச்சுக்காதீங்க டீச்சர். அத அப்படியே கொண்டுபோய் பீரோவுல வச்சுப் பூட்டுங்க. பெயிலாயிட்டேன்னு சொல்லுங்க."

"என்ன சார், பொறாமையா?"

"பொறாமைதான். பட்டம் வாங்காத எனக்கு இன்னும் வேலை இருக்குல்ல" என்று விசிலை வாயில் வைத்துக்கொண்டு போனார்.

அவள் சிரித்துக்கொண்டே, மிட்டாய்ப் பெட்டியும் சான்றிதழுமாகத் தாளாளர் அறைக்குள் போனாள். அவர் ஒரு மிட்டாயைப் பிரித்து வாயில் போட்டுக்கொண்டார். சான்றிதழைப் படித்தார்.

"முடிச்சே புட்டீங்களா?"

"நீங்கதான சார் படிக்கச் சொன்னீங்க?"

"அப்ப ரூல் அப்படி மேடம். இப்ப ஒரு ஸ்கூலுக்கு ஒருத்தர் இருந்தா போதும்னு மாத்திட்டாங்க. என் மருமக எங்கயோ தபால்ல முடிச்சிருக்கா, கணக்குக்கு அவ போதும். இந்தப் பட்டத்தோட ஒருத்தர வச்சா அதுக்குண்டான சம்பளத்தக் குடுத்தே ஆகணும். நான் எங்க போவேன்?"

"பழைய சம்பளமே போதும் சார்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது.

"அதெப்படிங்க? கேஸ் வரும். சட்டத்த மீறுற ஆளு நான் இல்ல." இன்னொரு மிட்டாய் எடுத்தார். "மாசம் முடியறவரைக்கும் இருங்க. ஒரு புதுப் பொண்ணு வருது. நம்ம பாடத்த அதுக்குச் சொல்லிக் குடுத்துட்டுப் போங்க."

வீட்டில் புருஷன் சாப்பிட உட்கார்ந்தபோது விஷயத்தைச் சொன்னாள். தட்டில் கை கழுவிவிட்டு, சாப்பிடாமல் எழுந்து போனான்.

புதுப் பெண்ணுக்கு இருபதைத் தாண்டியிருந்தால் அதிகம். செருப்பின் வாரை ஊக்கால் பிடித்திருந்தாள். அவள் மேல் எரிச்சல் வரவேண்டும் என்று டீச்சர் முயன்று பார்த்தாள். அந்த ஊக்கைப் பார்த்ததும் அது நின்றுபோயிற்று.

"மேடம், இந்தப் பாடத்துல முனை ஒடிச்ச ஸ்கேல்னு போட்டிருக்கு. சார் எல்லாருக்கும் புது ஸ்கேல் குடுத்துட்டாரு. உடைஞ்சத பெத்தவங்க பாத்தா ஸ்கூலுக்குக் கேவலமாம்."

"அப்ப அதுலயே அளக்கச் சொல்லும்மா. எல்லாம் சரியா வந்துரும்."

"அடுத்த பக்கத்துல பிள்ளைங்க சண்டை போடும்னு இருக்கே?"

"போடாதுங்க."

அந்தப் பெண் குரலைத் தணித்தாள். "எங்கப்பா மூட்டை தூக்குறாரு மேடம். இந்த வேலை போச்சுன்னா அவ்வளவுதான். ஏதாச்சும் தப்பாப் பண்ணினா பின்னால இருந்தே கண்ணக் காட்டுங்க."

டீச்சர் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். பிள்ளைகளுக்குச் செய்த பெஞ்சு. முழங்கால் பலகையில் இடித்தது. தாளாளர் வாசலில் வந்து நின்றார். புதுப் பெண் அச்சடித்த தாளைப் பார்த்துப் பார்த்து நடத்தினாள். பள்ளியின் பெயர் பொறித்த புத்தம் புது ஸ்கேல்கள். பிள்ளைகள் பென்சிலை வைத்தார்கள். ஒரே குரலில் கத்தினார்கள்.

"ஆறு!"

"பாத்தீங்களா? ஒருத்தர் கூடத் தப்பாச் சொல்லல" என்றார் தாளாளர்.

குட்டை மட்டும் ஸ்கேலைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பி, கடைசி பெஞ்சைப் பார்த்தாள். அவளைப் பார்த்து இன்னொருவன் திரும்பினான். பிறகு ஒரு வரிசையே திரும்பியது. புதுப் பெண் தாளில் தேடினாள். இதற்கு அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. வாசலை ஒருமுறை பார்த்தாள். ஸ்கேலால் மேசையைத் தட்டினாள்.

"இங்க பாருங்க. யாரும் பின்னால திரும்பக் கூடாது."

ஒவ்வொரு முகமாக முன்னால் திரும்பியது. கடைசியாகக் குட்டையும் திரும்பினாள். கடைசி பெஞ்சிலிருந்து பார்க்க, எண்ணெய் வைத்து வாரிய பின்னந்தலைகள் மட்டுமே வரிசையாகத் தெரிந்தன.