பதினாறாவது கிலோமீட்டர்

அக்கா வீட்டுக்காரரின் வாடகைக் கார் லிட்டருக்குப் பதினைந்து கிலோமீட்டர் கொடுத்துக்கொண்டிருந்தது. அவர் அதைக் குறையாகக்கூடச் சொல்லவில்லை. நான்தான் சும்மா கிடக்காமல், "நாலு நாள் பட்டறையில விடுங்க அத்தான், மைலேஜ்னா என்னன்னு காட்டறேன்" என்று சவடால் அடித்தேன்.

நாலு நாளும் காரைப் பிரித்து மேய்ந்தேன். ஸ்பார்க் பிளக், ஏர் ஃபில்டர் எல்லாம் புதுசு. இன்ஜினுக்குப் போகும் காற்றையும் பெட்ரோலையும் சரிபார்த்து டியூன் செய்தேன். கடைசியாக, எடை குறையட்டுமே என்று உயரம் குறைந்த டயர்களை மாட்டினேன். டேங்கை நிரப்பி ஓட்டிப் பார்த்தால் பதினாறு! பட்டறையில் என் பெயரே 'மைலேஜ்' என்று ஆகிவிட்டது. அக்கா போனில், "என் தம்பியா கொக்கா!" என்றாள்.

மூன்று வாரம் கழித்து அத்தான் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தார். ஓய்வுபெற்ற சர்வேயர் ஒருவரை வாராவாரம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவது அவர்தான். வாடகை கிலோமீட்டர் கணக்கு.

"ஆஸ்பத்திரி ஆறு வருஷமா பதினஞ்சு கிலோமீட்டர் தூரம்தானேப்பா, இப்ப எப்படிப் பதினாறு காட்டுதுன்னு கேக்கறாரு. திருடன்னு திட்டியிருந்தாக்கூடப் பரவாயில்ல மாப்ளே. பேசாம காசைக் கொடுத்துட்டு இறங்கிப் போறாரு."

எனக்குச் சுரீர் என்றது. டயர் சின்னதானால் அதே தூரத்துக்குச் சக்கரம் அதிகமாகச் சுற்றும். மீட்டருக்குச் சுற்றுதான் தெரியும், ரோடு தெரியாது. பெட்ரோல் ஒரு சொட்டுகூட மிச்சமாகவில்லை, கணக்குதான் ஊதியிருந்தது. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம். ஆனால் எனக்குப் பெயர் வைத்த நாலு பேரும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள்.

"பெரியவருக்கு வயசாயிடுச்சு அத்தான். மறதியா இருக்கும்," என்றேன்.

இதை எழுதும்போதும் காது சுடுகிறது. அத்தான் என்னை நம்பினார். நான் சொன்னால் நம்புவார், அவர் சுபாவம் அப்படி.

இரண்டு வாரம் தூக்கம் பிடிக்காமல் கிடந்துவிட்டு, அலைன்மென்ட் பார்க்கணும் என்று புளுகி, காரை வரவழைத்துப் பழைய டயர்களையே மாட்டினேன். யாருக்கும் தெரியாமல் முடிந்தது என்று நினைத்தேன். மறுநாளே அத்தான் வந்து நின்றார்.

"பெரியவர் வீட்லேருந்து ஆஸ்பத்திரிக்குச் சும்மா ஓட்டிப் பாத்தேன். பதினஞ்சு காட்டுது. என்ன பண்ணினே?"

எல்லாவற்றையும் கக்கினேன். அவர் அங்கிருந்த ஒரு டயர்மேல் உட்கார்ந்துவிட்டார்.

"உங்களுக்கு மறதி வந்துடுச்சு, டாக்டர்கிட்ட காட்டுங்கன்னு அவர்கிட்டயே சொல்லிட்டேன்டா. அதுக்கப்புறம் தனியா வாசப்படிகூட இறங்கறதில்லையாம். அவர் பொண்ணு சொல்லி அழுவுறாங்க."

அன்று மாலையே இருவரும் அவர் வீட்டுக்குப் போனோம். அடுப்புக்கு மேலே ஒரு சீட்டு ஒட்டியிருந்தது: 'அணைத்தாயா?' கதவில் இன்னொன்று: 'சாவி எடுத்தாயா?' அச்சடித்தது போன்ற சர்வேயர் கையெழுத்து. எனக்கு அப்படியே திரும்பி ஓடிவிடலாம் போலிருந்தது.

டயர் விஷயத்தைச் சொன்னேன். பெரியவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"முன்னாடி எவ்வளவு உயரம்?"

"அறுபது சென்டிமீட்டர் ஐயா. நான் போட்டது ஐம்பத்தாறு."

விரலால் காற்றில் கணக்குப் போட்டார். "பதினஞ்சு, பதினாறாகும். சரியா வருது!" உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தார். "கேட்டியாம்மா? எனக்கு ஒண்ணுமில்ல. நான் சொன்ன தூரம்தான் சரி!"

மகள் ஓடிவந்து அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள். அவர் கண் கலங்கி, கிரீஸ் போகாத என் கையைத் தம் இரண்டு கைகளாலும் பற்றிக்கொண்டார்.

"தேடி வந்து சொன்னியே தம்பி. யாரு சொல்லுவா இப்படி?"

பிறகு அத்தான் பக்கம் திரும்பினார். முகத்தில் இருந்த மலர்ச்சி போய்விட்டிருந்தது. "மீட்டர் தப்பு போகட்டும்ப்பா. மறதின்னு சொன்னே பாரு, அதைத்தான் தாங்க முடியல. அப்படிப் பேச உனக்கு எப்படி மனசு வந்தது?"

அத்தான் தலையைக் குனிந்துகொண்டார். "தப்புதான் ஐயா. மன்னிச்சுக்கங்க."

அது யார் சொல்லிக்கொடுத்த வார்த்தை என்று அவர் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. பெரியவர் இன்னும் என் கையை விடவில்லை.