முழுப் பணமும் திரும்பும்

"கத்தியெல்லாம் கையில எடுத்துட்டுப் போற பைக்குள்ள வைக்க முடியாதும்மா."

"கத்தி இல்லீங்க. மெழுகு செதுக்குற கரண்டி."

"முனை கூரா இருக்கா?"

"இருக்கு."

"அப்ப அது கத்திதான். பெரிய பெட்டியில போட்டுடுங்க."

டிக்கெட் அலுவலகத்து அம்மாள் இதைச் சொல்லிவிட்டுக் கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தாள். கரண்டியைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து காட்டிய முதல் பயணி இவளாகத்தான் இருக்க வேண்டும். வீட்டில் எல்லோருக்கும் இவள் சின்னவள். முப்பதைத் தாண்டியும் பெயர் மாறவில்லை. பல் செட் செய்வது அவள் வேலை. பல் டாக்டர்கள் அச்செடுத்து அனுப்புவார்கள், இவள் மெழுகில் பல்வரிசை கட்டிச் செதுக்கி, பூசி, மெருகேற்றிக் கொடுப்பாள். ஒருவரின் முகத்தைப் பார்க்காமலே அவர் எப்படிச் சிரிப்பார் என்று சொல்லிவிடுவாள். அந்தக் கைக்குத்தான் கடல் தாண்டிப் பல் செட் செய்யும் ஒரு பெரிய கூடத்தில் வேலை கிடைத்திருந்தது. மறுநாள் காலை விமானம். அதற்கடுத்த நாள் வேலையில் சேர வேண்டும். தவறினால் இடம் வேறொருவருக்கு என்று தெளிவாகச் சொல்லியிருந்தார்கள்.

"எல்லாம் சரியா இருக்கு. கவலைப்படாம போயிட்டு வாங்க," என்ற அம்மாள், கொஞ்சம் தயங்கினாள். "வீட்டுல யாருக்காவது உடம்பு சரியில்லையாம்மா?"

"அப்பாவுக்கு. ஏன் கேக்குறீங்க?"

"இல்ல, காலையில உங்க அண்ணன் போன் பண்ணினார். எந்த நேரம் வரைக்கும் கேன்சல் பண்ணலாம்னு கேட்டார். நேத்தும் கேட்டார். அதான்."

"என் டிக்கெட்டையா?"

"அவர் எங்ககிட்ட எடுத்தது அது ஒண்ணுதானே."

சின்னவள் உட்கார்ந்தாள். அதுவரை நின்றுகொண்டுதான் பேசினாள்.

அந்த டிக்கெட்டை அண்ணன் எடுத்துக் கொடுத்தபோது வீடே வியந்தது. பல் துலக்கும் பேஸ்ட் தீர்ந்ததும் குழாயைக் கத்தரியால் பிளந்து இன்னும் ஒரு வாரம் ஓட்டுகிற மனிதன் அவன். மலிவாக ஒன்று பார்த்துப் போடு, நானே போட்டுக்கொள்கிறேன் என்று இவள் சொல்லியும் கேட்காமல், இருப்பதிலேயே உசத்தியானதை எடுத்தான். "என் தங்கச்சி போறா, அதுல போய்க் கணக்குப் பார்ப்பேனா?" என்றான். அண்ணி கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

"உசத்தின்னா சீட்டு பெருசா இருக்கும்னு நினைச்சேன்," என்றாள் இப்போது.

"சீட்டு அதேதாம்மா. சாப்பாடும் அதே. விலை வித்தியாசமெல்லாம் விதியிலதான். மலிவானதுல மனசு மாறினா காசு போச்சு. நடுத்தரத்துல கொஞ்சம் பிடிச்சுக்கிட்டு மீதியைத் தருவாங்க. இது முழுசா திரும்புற வகை. கிளம்புறதுக்கு முன்னாடி வேண்டாம்னு சொன்னா, பிடித்தமே கிடையாது."

"யாருக்குத் திரும்பும்?"

"எந்த கார்டுலேர்ந்து வந்துச்சோ அந்த கார்டுக்கு."

"நான் கேட்டாலும்?"

"நீங்க கேட்டாலும் அவருக்குத்தான்."

"அவர் மட்டும் கேட்டா? என்னைக் கேக்காம பண்ணிடுவீங்களா?"

அம்மாளின் விரல் விசைப்பலகையை விட்டு எழுந்தது. "எடுத்தவர் சொன்னா பண்ணிடுவோம்மா. வீட்டுல பேசி முடிவெடுத்துட்டுத்தானே சொல்லுவாங்க."

"ஆமா," என்றாள் சின்னவள். "பேசித்தானே."

வெளியே தெருவில் யாரோ லாரியைப் பின்னால் எடுத்துக்கொண்டிருந்தார்கள். இன்னும் வா, இன்னும் வா என்று ஒரு குரல்.

"செக்-இன் இப்பவே திறந்திருக்கும்," என்றாள் அம்மாள், திரையைப் பார்த்தபடியே. "போன்லயே பண்ணிக்கலாம். பண்ணிட்டீங்கன்னா அந்த டிக்கெட் எங்க கையை விட்டுப் போயிடும். நாங்க கேன்சல் போட்டாலும் ஏத்துக்காது. பயணியே போய் என்னை இறக்கி விடுங்கன்னு விமானக்காரங்ககிட்ட சொன்னாத்தான் உண்டு." பிறகு, யாரோ கேட்டதுபோல, "எல்லாருக்கும் சொல்றதுதான் இது," என்றாள்.

"வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கிறேன்," என்று சின்னவள் கரண்டியைச் சுற்றிக்கொண்டு எழுந்தாள்.

அங்கேயே உட்கார்ந்து செய்திருக்கலாம். செய்தால் அண்ணனை நம்பவில்லை என்றாகிவிடும். எதற்காகவாவது கேட்டிருப்பான், சும்மா தெரிந்துகொள்ளக் கேட்டிருப்பான் என்று பஸ் முழுக்கத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வந்தாள்.

அப்பா ஜன்னலோரக் கட்டிலில் படுத்திருந்தார். பஸ் ஓட்டியவர். ஒரு பக்கம் முழுவதும் விழுந்துபோய் வருஷத்துக்கு மேலாகிறது. பேச்சு குழறும். இவளுக்கு மட்டும் புரியும். தினமும் துடைத்துவிடுவது, திருப்பிப் படுக்க வைப்பது, ஊட்டுவது எல்லாம் இவள்தான். இவள் வேலைக்குப் போகும் நேரத்துக்கு அண்ணி தன் வேலை நேரத்தை மாற்றிக்கொண்டு பார்த்துக்கொண்டாள். இவள் போன பிறகு ஓர் அம்மாளை அமர்த்துவதாக ஏற்பாடு. அவளுடைய எண்ணை இவள்தான் விசாரித்து வாங்கி அண்ணனிடம் கொடுத்தாள். எல்லாம் பேசிவிட்டேன் என்று அண்ணனும் சொல்லியிருந்தான்.

அந்த எண்ணுக்கு இப்போது போன் போட்டாள்.

"நாளைக்கு எத்தனை மணிக்கு வர்றீங்கன்னு கேக்கத்தான்."

"எங்கே வரணும்மா?"

விளக்கிச் சொன்னாள்.

"என்கிட்ட யாரும் பேசலையேம்மா. பேசியிருந்தா இன்னொரு வீட்டை ஒத்துக்கிட்டிருக்க மாட்டேனே. இப்ப காலையெல்லாம் அங்கதான். மதியத்துக்கு மேல வேணும்னா வர்றேன்."

"வாங்க," என்றாள் சின்னவள். "கண்டிப்பா வாங்க." போனை வைத்தபின் அப்பாவின் போர்வையை இழுத்துச் சரிசெய்தாள். அப்பா என்னவென்று கண்ணால் கேட்டார். "ஒண்ணுமில்லப்பா, பெட்டி கட்டணும்," என்றாள்.

மாலை அண்ணன் வந்தான். லிஃப்ட் பழுதுபார்ப்பவன். கைக்கிரீஸை அடுப்படித் தொட்டியில் கழுவினால் அண்ணி கத்துவாள், கத்தினாலும் அங்கேதான் கழுவுவான்.

"குளியலறைன்னு ஒண்ணு இருக்கு," என்றாள் அண்ணி.

"தெரியும், நான்தான் வாடகை கட்டுறேன்."

"அப்ப ஒரு நாளாவது போய்ப் பாருங்க, எப்படி இருக்குன்னு."

சின்னவள் சிரிக்கவில்லை. "அண்ணா, அந்த அம்மா நாளைக்கு எப்ப வருவாங்க?"

"எந்த அம்மா? ஓ... வருவாங்க. காலையில."

"பேசிட்டியா?"

"பேசிட்டேன்னு சொன்னேனே."

"என்ன சொன்னாங்க?"

"வர்றேன்னாங்க. வேற என்ன சொல்லுவாங்க?" சோப்பை மறுபடியும் எடுத்தான். கை ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

"நான் போறதுல உனக்கு மனசு சரிதானே?"

"இதென்ன கேள்வி? மனசு சரியில்லாமலா இவ்வளவு காசைக் கொட்டினேன்?"

"சரியில்லன்னா சொல்லிடு. இப்பவே சொல்லிடு."

"சின்னு, போய்ப் பெட்டியைக் கட்டு."

அண்ணி அவனையும் இவளையும் மாறி மாறிப் பார்த்தாள். "உன் அண்ணன் கிடக்கார் விடு. உங்கப்பாவை நாங்க பார்த்துக்க மாட்டோமா? நீ ஒரு தடவையாவது உன் வாழ்க்கையைப் பாரு," என்றாள்.

இன்னும் ஒரு கேள்வி பாக்கி இருந்தது. டிக்கெட் அலுவலகத்துக்கு எதற்குப் போன் பண்ணினாய்? அதைக் கேட்டால் அண்ணன் அண்ணி முன்னால் கூனிக் குறுகிப்போவான். அல்லது கத்துவான். கேட்ட பிறகு இந்த வீட்டில் சாப்பிட்டுத் தூங்கி எழுந்து கிளம்ப முடியாது. சின்னவள் கேட்கவில்லை. துணி மடிக்கிற சாக்கில் உள்ளே போய், அப்பாவின் கட்டிலுக்கு அந்தப் பக்கம் தரையில் உட்கார்ந்து, போனில் செக்-இன் செய்தாள். எந்த இருக்கை வேண்டும் என்று கேட்டது. காலியாக இருந்த முதல் கட்டத்தைத் தொட்டாள். எதையோ திருடுவதுபோல இருந்தது.

காலையில் அண்ணன் வழியனுப்ப வரவில்லை. எங்கோ லிஃப்டில் ஆள் மாட்டிக்கொண்டதாம். அதைச் சொல்லும்போது இவள் நெற்றியைப் பார்த்துச் சொன்னான். பெட்டியை மட்டும் கீழே கொண்டுவந்து டாக்ஸியில் வைத்தான். வைத்துவிட்டு ஏதோ சொல்லப் போனவன், டிரைவரிடம் "பார்த்துப் போங்க" என்றான்.

போன் வந்தபோது அவள் எல்லாச் சோதனையும் முடிந்து, விமானத்துக்குப் போகும் வாசலருகே உட்கார்ந்திருந்தாள்.

"எங்க இருக்கே?"

"உள்ளே."

"டிக்கெட்... டிக்கெட்ல ஏதாவது சொன்னாங்களா?"

"இல்லையே. என்ன சொல்லணும்?"

"இல்ல... சும்மாத்தான்."

"ஆபீஸ் திறந்ததும் போன் பண்ணினியா?" என்று அவளே கேட்டாள்.

"பண்ணினேன்."

"முடியாதுன்னுட்டாங்களா?"

"நீ செக்-இன் பண்ணிட்டேன்னாங்க. இனிமே நீ சொன்னாத்தான் ஆகும்னாங்க. உனக்கு எப்பத் தெரியும்?"

"நேத்து மதியம்."

"தெரிஞ்சுட்டுத்தான் அடுப்படியில அப்படிக் கேட்டியா?"

"நீ சொல்லுவேன்னுதான் கேட்டேன். நான் விமான நிலையம் வரைக்கும் வந்து, டிக்கெட் இல்லன்னு கேட்டு, அவ்வளவு பேர் முன்னாடி முழிச்சுட்டு நிக்கணும். அதுதான் உன் திட்டமா?"

"ஏதோ கோளாறுன்னு நினைச்சுப்பே, அழுதுட்டுத் திரும்பி வந்துடுவே, சண்டையில்லாம முடிஞ்சுடும்னு நினைச்சேன். முதல் நாள்லேர்ந்தே அப்படி நினைக்கலடி. எடுக்கும்போது, சும்மா இருக்கட்டும், ஒரு தைரியத்துக்குன்னுதான் எடுத்தேன்."

"அண்ணிக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா என்னைக் கொன்னுடுவா."

அறிவிப்பு வந்தது. குழந்தையோடு இருப்பவர்கள் முதலில் எழுந்தார்கள்.

"சின்னு, இறங்கிடேன்."

அவள் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"காசுக்காகக் கேக்கல. அது போகட்டும். அப்பா என்னைப் பக்கத்துல விட மாட்டேங்கிறார். காலையிலேர்ந்து ஈரத்துலயே கிடக்கார். உன் அண்ணி வேலைக்குப் போயாச்சு. நான் போர்வையை எடுத்தா, இருக்கிற கையால இழுத்துப் பிடிச்சுக்கிறார். என்னைப் பார்க்க மாட்டேங்கிறார். எனக்குப் பயமா இருக்கு. என்னால முடியாது."

"இதை நேத்துச் சொல்லியிருந்தா நான் போயிருக்க மாட்டேன்," என்றாள் சின்னவள். சொன்ன பிறகுதான் அது உண்மை என்று அவளுக்கே தெரிந்தது. "ஒரு மாசம் முன்னாடி சொல்லியிருந்தா டிக்கெட்டே எடுத்திருக்க வேண்டாம். உட்கார்ந்து பேசியிருக்கலாம்."

"இப்பச் சொல்றேனே."

"இப்பச் சொல்றே. வேற வழி இல்லாம சொல்றே."

வரிசை நீண்டது. அவளும் எழுந்து அதில் நின்றாள். யாரிடமாவது போய் என்னை இறக்கி விடுங்கள் என்று சொன்னால் போதும். பெட்டியைத் தேடி எடுக்கச் சிரமப்படுவார்கள், முணுமுணுப்பார்கள், அவ்வளவுதான். முழுப் பணமும் அண்ணனுக்குத் திரும்பிவிடும். அவளுடைய இடம் திரும்பாது.

"எங்க நிக்கிறே நீ?" என்றாள்.

"அறை வாசல்ல."

"உள்ளே போ. போனை ஸ்பீக்கர்ல போட்டுத் தலைமாட்டுல வை."

"நீ வர்றியா, இல்லையா? அதைச் சொல்லு முதல்ல."

"வரலண்ணா."

வைத்துவிட்டான் என்றுதான் நினைத்தாள். பிறகு நாற்காலி இழுபடும் ஓசை கேட்டது. அப்பா ஏதோ குழறினார்.

"என்ன சொல்றார்?" என்றான் அண்ணன்.

"கதவைச் சாத்தச் சொல்றார். யாரும் இல்லாட்டியும் சாத்தணும். சாத்து. போர்வையை இழுக்காதே, அவரே விடட்டும். வெந்நீர் வெச்சிருக்கியா?"

"இல்ல."

"போய் வை. அப்பா, நான்தான். அண்ணன் இன்னைக்குச் செய்வான். உங்களுக்குப் பிடிக்காதுன்னு தெரியும். எனக்கும் முதல்ல அவ்வளவு கூச்சமாத்தான் இருந்துச்சு, உங்களுக்கும் இருந்துச்சு. மதியம் ஓர் அம்மா வருவாங்க. அதுவரைக்கும் அவன்தான்ப்பா."

அப்பா பதில் சொன்னார். குழறலில் பாதி, விமான நிலையத்துச் சத்தத்தில் மீதி. வாழ்க்கையில் முதல்முறையாக அவர் சொன்னது அவளுக்குப் புரியவில்லை.

"என்னப்பா? இன்னொரு தடவை சொல்லுங்க."

வாசலில் நின்ற பெண் கையை நீட்டினாள். சின்னவள் பயணச் சீட்டை நீட்டினாள். இயந்திரம் ஒருமுறை கீச்சிட்டுப் பச்சை காட்டியது.

"சின்னு, தண்ணி சூடாயிடுச்சு, அடுத்து என்ன?" என்று அண்ணன் தூரத்திலிருந்து கத்தினான். "லைன்ல இருக்கியா?"

"இருக்கேன். முதல்ல துணியைப் பிழி. அப்பா சொன்னதைத் திரும்பச் சொல்லச் சொல்லு, அண்ணா. எனக்குக் கேக்கல."

நகரும் வரிசையோடு அவள் விமானத்துக்குக் கொண்டுபோகும், தகரக் கூண்டு போன்ற நீளப் பாதைக்குள் நடந்தாள். உள்ளே போகப் போக அண்ணனின் குரல் விட்டு விட்டு வந்தது. துணி, எந்தப் பக்கம், கோபமா இருக்கார், என்பது மட்டும் தனித்தனியாகக் காதில் விழுந்தது. பிறகு அதுவும் இல்லை. பின்னால் இருந்தவர், "கொஞ்சம் நகருங்கம்மா," என்றார்.