நாவாய்ப்பூச்சிக் கழகத்தின் மார்கழிக் கூட்டம்

கமலாட்சி கணவனின் கால் பெருவிரல்கள் இரண்டையும் வெள்ளைத் துணியால் சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தபோது வாசல் படலையில் சைக்கிள் மணி அடித்தது.

"ஐயா, இன்னைக்கு நீங்க பாக்காத ஒண்ணு கொண்டாந்திருக்கேன். பேரைச் சொல்லிட்டீங்கன்னா என் மீசைய எடுத்துடுறேன்."

ஜெயபுரத்துச் சங்கிலியின் குரல். அவனுக்குப் பின்னால் மயில்வாகனம் வாத்தியார் சைக்கிளை உருட்டிக்கொண்டு சிரித்தபடி வந்தார். முற்றத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சங்கிலியின் கண் கூரையோரம் கட்டியிருந்த வெள்ளைத் துணியில் நின்றது. சட்டைப்பையில் இருந்த நெருப்புப்பெட்டியை அவன் கை மெல்ல மூடிக்கொண்டது.

அவர்களுக்கு யாரும் சொல்லி அனுப்பவில்லை. இன்று பறுவம், முழுநிலவுக்குக் கழகம் கூடும் நாள் என்பது கமலாட்சிக்கு நினைவில்லை. மலேரியாக் காய்ச்சல் மூளைக்கு ஏறி, ஆஸ்பத்திரியில் ஊசிமருந்து இல்லையென்று திருப்பி அனுப்ப, விடியப்புறம் அவள் கணவர் சிற்றம்பலம் போய்விட்டார்.

உருத்திரபுரத்தில் அவர் விவசாயப் போதனாசிரியராக இருந்தவர். நெற்கதிரில் பால் உறிஞ்சுவது, பருத்திக்காயில் மொய்ப்பது, குளத்து நீரில் வழுக்கி ஓடுவது, பாயில் கிடந்து கடிப்பது எல்லாம் குத்தி உறிஞ்சும் வாய் கொண்ட ஒரே குடும்பம் என்று சொல்லிச் சொல்லி, வாத்தியாரையும் சங்கிலியையும் சேர்த்து நாவாய்ப்பூச்சி ஆய்வுக் கழகத்தைத் தொடங்கினார். ஊர் அதை மூட்டைப்பூச்சிச் சங்கம் என்றது. போர்க்காலத் தடையால் கொழும்பிலிருந்து குண்டூசி வராமல் போன பிறகு பூச்சிகளை இலந்தை முள்ளால் குத்திப் பெட்டிகளில் அடுக்கினார்கள். அந்தப் பெட்டிகள் நிறைந்த அலுமாரியில் கமலாட்சியின் கூறைச்சேலைக்கு இடம் இருந்ததில்லை.

"ஒருநாளைக்கு எல்லாத்தையும் அள்ளி அடுப்பிலை போடுவன்" என்பாள்.

"போடு. ஆனால் ஒரு கிழமைக்குச் சோறு நாறும், யோசிச்சுப் போடு" என்பார் அவர்.

நெடுங்கேணியிலிருந்து உழவு இயந்திரத்தில் வந்திறங்கிய அவருடைய தம்பி தயாபரன் அவளைக் குசினிப் பக்கம் கூப்பிட்டான். அழுது கண் சிவந்திருந்தது.

"அண்ணி, அந்தப் பெட்டியளையும் அண்ணையோடை சிதையிலை ஏத்திவிடுவம். எத்தினை உயிரைக் குத்தினவர். அந்தப் பாவம் வீட்டிலை கிடக்க வேண்டாம். அவருக்கும் அதுகள் இல்லாமல் ஏலாது."

அவள் முற்றத்து வாங்கில் தலை குனிந்து உட்கார்ந்திருந்த வாத்தியாரிடம் போனாள்.

"வாத்தியார், இனிக் கழகம் என்னமாதிரி?"

"மூண்டு பேருக்குக் குறைஞ்சால் கழகம் இல்லையெண்டு விதி. அவர்தான் போட்டவர். இனி நானும் சங்கிலியும் ரெண்டு சிநேகிதர், அவ்வளவுதான்."

"பெட்டியள்?"

"கழகம் இல்லையெண்டால் வீட்டுக்காரருக்கு. நீங்கள் சொல்லுறதுதான் அக்கா."

"வேற யாரும்மா இந்த நாத்தத்துக்கு வந்து சேரப்போறாங்க" என்றான் சங்கிலி. சிரிக்க முயன்று விட்டுவிட்டான்.

சுண்ணம் இடிக்கும் சடங்கு முடிந்து வாய்க்கரிசி போடத் தொடங்கினார்கள். சங்கிலி வரிசையின் கடைசியில் நின்றான். முறை வந்ததும் அரிசியைப் போட்டுவிட்டு, நெருப்புப்பெட்டியை எடுத்து, சிற்றம்பலத்தின் முகத்துக்குக் கிட்டப் பிடித்து ஒரு விரலளவு திறந்தான். ஓரம் சிவந்த பச்சைப் பூச்சியொன்று மீசையை ஆட்டியது.

"அங்கை என்ன விளையாட்டு?" என்றார் யாரோ.

"பேரு சொல்லலீங்களே ஐயா" என்றான் அவன், பக்கத்தில் நின்ற கமலாட்சிக்கு மட்டும் கேட்கும்படி. பெட்டியை மூடிப் பையில் வைத்துக்கொண்டு விலகினான். அவள் கணவனின் உதடுகளில் ஒட்டியிருந்த அரிசிகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பிரேதத்தைத் தூக்க ஆட்கள் குனிந்தபோது, தயாபரன் அலுமாரியிலிருந்து முதல் பெட்டியைக் கொண்டுவந்தான்.

"அதை வையுங்கோ தயாபரன்."

"ஏன் அண்ணி? நீங்கள்தானே எரிக்கவேணும் எண்டு எந்த நாளும் சொன்னனீங்கள்."

"அது கழகத்தின்ரை."

"கழகம் இனி இல்லையாமே. வாத்தியார்தானே சொன்னவர்."

"மூண்டு பேர் இருக்கிறம்" என்றாள்.

வாத்தியார் கண்ணாடியைக் கழற்றி வேட்டித் தலைப்பால் துடைத்தார். துடைத்து முடிய நேரமெடுத்தது.

"ஓம். மூண்டு பேர்" என்றார்.

தயாபரன் அண்ணியின் முகத்தைப் பார்த்தான். பிறகு பெட்டியை இருந்த இடத்தில் வைத்துவிட்டு வந்து பாடையின் முன்கொம்பைத் தோளில் வாங்கினான்.

பெண்கள் படலையோடு நின்றார்கள். பறைச் சத்தம் வாய்க்கால் கரையால் போய் வயலுக்குள் கரைந்தது. சிற்றம்பலத்தின் தங்கை விமலேஸ்வரி வீட்டைக் கழுவிவிட்டாள். செத்தவீட்டில் பிடித்துவைத்த தண்ணீர் இருக்கக்கூடாதென்று குடம், வாளி எல்லாவற்றையும் கவிழ்த்தாள்.

கமலாட்சி கிணற்றடியில் தலை முழுகி ஈரத்தோடு உள்ளே வந்தாள். எறும்பு ஏறாதபடி அலுமாரியின் கால்கள் தண்ணீர் விட்ட மீன் ரின் தகரங்களுக்குள் நிற்கும். காலையில் முதல் வேலையாக அவர் அவற்றை நிரப்புவார். அவற்றின் தண்ணீரையும் விமலேஸ்வரி துணியால் ஒற்றி எடுத்திருந்தாள். ஒரு காலில் சிவப்பு எறும்புகள் அரைவாசி ஏறியிருந்தன.

அவள் ஈரச்சேலைத் தலைப்பால் அவற்றைத் துடைத்தாள். கிணற்றுக்குப் போய்ப் புதுத்தண்ணீர் அள்ளி வந்து, நிலத்தில் குந்தி, அந்த ரின் விளிம்புவரை நிறைய மெதுவாக ஊற்றினாள். பிறகு வாளியை அடுத்த காலடிக்கு இழுத்தாள்.