அதிபருக்கான ஜெபம்

2011 ஜனவரி 14, வெள்ளிக்கிழமை மாலை, துனீசியாவின் அதிபர் விமானம் ஏறி நாட்டை விட்டுச் சென்றார். அதற்குச் சற்று முன்பே அந்நாட்டின் ஜெர்பா தீவில் சூரியன் மறைந்திருந்தது.

எங்கள் யூதத் தெருக்களில் சூரியன் மறைந்தால் ஓய்வுநாள் பிறந்துவிடும். மறுநாள் இருட்டும்வரை ரேடியோ, டிவி, போன் எதையும் தொடமாட்டோம். ஆகவே சனிக்கிழமை காலை ஜெபக்கூடத்துக்கு வந்த எங்களைப் பொறுத்தவரை அதிபர் அரண்மனையில்தான் இருந்தார். விஷயம் தெரிந்தவர் ஒருவர்தான். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ரஹமீம். கடவுளுக்கு நிரூபணம் கேட்பவர், சனிக்கிழமையும் ரேடியோ கேட்பவர், ஆனால் ஒரு வாரம்கூடக் கூடத்துக்கு வராமல் இருக்கமாட்டார். வீட்டில் உட்கார்ந்திருந்தால் யாரோடு வாதாடுவது?

எந்த விசேஷத்துக்கும் டை கட்டாதவர், அன்று டை கட்டிக்கொண்டு வந்தார்.

ஜெபம் நடத்தும் கமூஸ் அந்த டையையே பார்த்தார். தெருமுனைக் காவல் சாவடி காலியாகக் கிடந்ததை ஏற்கெனவே பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தார். இரண்டையும் கூட்டிப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது.

காரணம் இருந்தது. எங்கள் வேதமான தோராவின் வாசிப்பு முடிந்ததும், நாட்டை ஆள்பவரின் பெயரைச் சொல்லி அவருக்காக ஜெபிப்பது எங்கள் வழக்கம். 1987 நவம்பர் 7, அதுவும் சனிக்கிழமை. விடியும் முன்பே பழைய அதிபரைப் பதவியிலிருந்து இறக்கிவிட்டார்கள். அப்போது ஜெபம் நடத்திவந்த கமூஸின் அப்பா, ரேடியோ கேட்காததால், இறங்கியவருக்கே நீண்ட ஆயுள் கேட்டு நல்ல குரலில் பாடிவிட்டார். போலீஸ்கூட ஒன்றும் கேட்கவில்லை. பயந்துபோன எங்கள் நிர்வாகக் குழுதான் அடுத்த வாரமே அவரை அந்த இடத்திலிருந்து எடுத்துவிட்டது. சாகும்வரை கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். பல வருஷம் காத்திருந்துதான் அந்த இடம் கமூஸுக்குக் கிடைத்தது. அதே குழுத் தலைவர் இன்னமும் முதல் வரிசையில் இருந்தார்.

கமூஸ் எங்கள் மதகுரு ரபி நிஸிமிடம் ஓடினார். "ரபி, வாத்தியாருக்கு ஏதோ தெரிஞ்சிருக்கு. கேட்கட்டுமா?"

"ஓய்வுநாளை மீறிக் கேட்ட சேதி அது. அதுல நாம பலன் அடையக் கூடாது. இருட்டினப்புறம் கேட்டுக்கோ."

"இருட்டினப்புறம் எனக்கெதுக்கு? இன்னும் ஒரு மணி நேரத்துல பேரைச் சொல்லியாகணும்!"

"கமூஸு, சேதியெல்லாம் வேண்டாம், ஒரு கணக்கு சொல்றேன்" என்றார் ரஹமீம். "ஒரு நாற்காலி இருக்குன்னு வெச்சுக்கோ. அதுல..."

"ஓய்வுநாள்ல கணக்கும் கூடாது" என்றார் ரபி. "முஸ்லிம் யாராவது தானா வந்து சொன்னா காதுல வாங்கிக்கலாம். நாமளா கேட்கக் கூடாது. ஜாடையாப் பேசினா தப்பில்ல."

"இது எந்தப் புத்தகத்துல இருக்கு?" என்றார் ரஹமீம்.

"நீ படிக்காத புத்தகத்துல."

கமூஸ் வெளியே போனார். நானும் பின்னால் போனேன். எதிரே காப்பிக்கடை ஸலாஹ் ஷட்டரைப் பாதி தூக்கி வைத்துக்கொண்டு தெருவைப் பார்த்தபடி நின்றார்.

"ஸலாஹ், தெரு ரொம்ப அமைதியா இருக்கே?"

"குளிரு அண்ணே."

"சாவடில போலீஸ்காரரைக் காணோம்?"

"காப்பி குடிக்கப் போயிருப்பாரு."

"காப்பிக்கடை உன்னுதுதானேப்பா!"

ஸலாஹ் இரண்டு பக்கமும் பார்த்தார். "அண்ணே, இருபத்து மூணு வருஷமா நான் அரசியல் பேசினதில்ல. இன்னைக்குப் போய் ஏன் என்னைக் கிளர்றீங்க? உள்ள போய் நல்லா வேண்டிக்குங்க."

"யாருக்குன்னு வேண்டிக்கறது?" கமூஸின் வாயிலிருந்து நழுவிவிட்டது.

"அதான் எனக்கும் புரியல" என்று சொல்லி ஷட்டரை இறக்கிவிட்டார்.

உள்ளே தோரா வாசிப்பு முடியும் நிலையில் இருந்தது. ரஹமீம் கமூஸின் பக்கத்தில் குனிந்தார். "அந்த ஜெபத்தையே விட்டுடேன். இத்தனை வருஷம் வேண்டினியே, அந்தாளு ஒரு நாளாவது நல்லவனா ஆனானா?"

"நல்லவனா ஆகறதுக்கா வேண்டறேன்? நாட்டை ஆள ஒருத்தன் இல்லேன்னா முதல்ல உடையற கதவு நம்மளுது வாத்தியாரே. அதுக்குத்தான் வேண்டறேன்."

ரஹமீம் டையைத் தளர்த்திக்கொண்டு தன் இடத்துக்குப் போனார்.

கமூஸ் தோராச் சுருளை அணைத்துக்கொண்டு நின்றார். அரசர்களுக்கு வெற்றி தருபவரே என்று தொடங்கினார். குரல் நன்றாகத்தான் இருந்தது. காப்பவரே, உயர்த்துபவரே என்று ஏறிக்கொண்டே வந்து, பெயர் வரவேண்டிய இடத்தில் நின்றது. குழுத் தலைவர் தலையை நிமிர்த்தினார். கமூஸின் கண் கடைசி வரிசைக்குப் போனது. அவருடைய அப்பா உட்கார்ந்திருந்த இடத்தில் இப்போது யாரும் உட்கார்வதில்லை. கமூஸ் வாயைத் திறந்தார்.

"ஆமென்!"

ரஹமீமின் குரல். நாற்பது வருஷம் வகுப்பறையை அடக்கிய குரல். அவர் ஆமென் சொல்லி அதுவரை நாங்கள் யாரும் கேட்டதில்லை. நாத்திகரே சொல்லிவிட்டார், நாம் பின்தங்கிவிட்டோம் என்று பதறி, கூடம் முழுக்க ஆமென் ஆமென் என்று கத்தியது. சத்தம் அடங்கியபோது கமூஸ் அடுத்த வரியில் இருந்தார்.

இருட்டி ஓய்வுநாள் முடிந்ததும் ரஹமீமின் வீட்டு ரேடியோவைச் சுற்றி உட்கார்ந்தோம். அதிபர் போன இரவே பிரதமர் பொறுப்பேற்றிருந்தார். காலையில் ரஹமீமுக்குத் தெரிந்திருந்த பெயர் அது. ஆனால் சனிக்கிழமை பகலில் அரசியலமைப்பு மன்றம் கூடி, தற்காலிக அதிபர் பிரதமர் அல்ல, நாடாளுமன்ற சபாநாயகர்தான் என்று அறிவித்திருந்தது.

கமூஸுக்கு உயிர் வந்தது. "பாத்தீங்களா வாத்தியாரே? உங்க பகுத்தறிவு மத்தியானச் சாப்பாடு வரைக்கும்தான் தாங்கிச்சு."

"உன் நம்பிக்கை மட்டும்? ஓடிப் போனவனுக்கே ஆயுசு கேட்டிருப்பே."

"நான் எந்தப் பேரைச் சொன்னேன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எந்தப் பேரைச் சொன்னே?"

"நீங்க போட்ட கூச்சல்ல எனக்கே கேட்கல."

ஞாயிற்றுக்கிழமை குழு கூடியது. எந்தப் பெயர் சொல்லப்பட்டது என்று தலைவர் ஒவ்வொருவராகக் கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. இனிப் பெயர் வேண்டாம், 'இந்நாட்டை ஆள்பவர்' என்றால் போதும் என்று ரபி தீர்ப்புச் சொன்னார். அடுத்த சனிக்கிழமை கமூஸ் அப்படியே ஜெபித்தார். ரஹமீம் ஆமென் சொல்லவில்லை.