அப்பா பேசுகிறார்

1

இந்தக் கதை அப்பாவின் பாதி வாக்கியத்திலிருந்து பிறந்தது. மீதிப் பாதி என்னிடம் இல்லை. இருந்திருந்தால் கதை எதற்கு, நிம்மதியாகத் துணி மடித்துக்கொண்டிருப்பேன்.

எழுதுகிறேன் என்பதும் பொய், பேசுகிறேன். குடியிருப்பின் அடித்தளத்தில், துணி துவைக்கும் இயந்திரங்களுக்கு நடுவே நின்று நான் பேசப் பேச, போன் எழுதிக்கொள்கிறது. கதை என்றால் கதை மாதிரி இருக்க வேண்டும் என்று அக்கா கறாராகச் சொல்லிவிட்டதால், செய்தி வாசிப்பவள் போலப் பேசிக்கொண்டிருக்கிறேன். மாடிவீட்டுக்காரர் சோப்புத்தூளோடு வந்தார், பார்த்தார், அப்படியே திரும்பிப் போனார்.

பேச்சை எழுத்தாக்கும் இந்தச் செயலிக்குக் கிளி என்று பெயர். விலை கிடையாது. யார் வேண்டுமானாலும் உள்ளே திறந்து பார்க்கலாம், திருத்தலாம். சம்பளமில்லாமல், கிடைத்த நேரத்தில், நாலைந்து பேர் அதைப் பார்த்துக்கொள்கிறோம். அதில் நான் புதிதாகச் செய்த வசதி இது: பேசிவிட்டு நிறுத்தினால் போதும், பொத்தானைத் தொடாமலேயே செய்தி போய்விடும். இப்போது அந்தச் சோதனைப் பதிப்பில்தான் பேசுகிறேன். ஆகவே யோசிப்பதற்காக நான் கொஞ்சம் நிறுத்தினாலும் அது

2

அனுப்பிவிட்டது. குடும்பக் குழுவுக்கு. (இனி எண்களெல்லாம் இப்படித்தான் வரும். நான் திகைத்த இடத்தில் ஒரு பகுதி முடியும்.)

அக்காவின் பதில் உடனே வந்தது: "என்னடி, பாதியில நிக்குது? கதையா, விக்கலா?"

நல்ல தொடக்கம் ஒன்று யோசித்து வைத்திருந்தேன். 'முன்னொரு காலத்தில் ஒரு பூட்டு இருந்தது.' வேண்டாம், குழந்தைக் கதை போலிருக்கிறது. பூட்டு என்பவர் ஒரு மனிதர். கிளியைத் தொடங்கியவர். லிஃப்ட் கம்பெனியில் மென்பொருள் எழுதும் வேலை. எதைக் கேட்டாலும் முதலில் "இப்ப வேணாம்" என்பார், அதனால் நாங்கள் வைத்த பெயர் அது. அவர் முகத்தைப் பார்த்ததில்லை, குரல் தெரியும். புதிய பதிப்பு வெளிவரும் முன் அவர் கதவடைப்பு அறிவிப்பார். அதன் பிறகு பழுது பார்க்கலாம், புதிதாக எதையும் நுழைக்கக் கூடாது. இந்த முறை கதவடைப்பு இன்று மாலை.

எனக்கோ திங்கட்கிழமை நேர்காணல். அந்த வேலை கிடைக்காவிட்டால் இந்த நாட்டில் இருக்கும் அனுமதி முடிந்துவிடும். 'இதோ, நான் செய்த வசதி, எல்லார் போனிலும் ஓடுகிறது' என்று காட்டினால் எவ்வளவு நன்றாக இருக்கும். பூட்டிடம் கேட்டுப் பார்த்தேன்.

"அண்ணா, ஜனங்க கேக்கறாங்க. கையில வேலை இருக்கறவங்களுக்கு எவ்ளோ வசதி!"

"லிஃப்ட்ல பாட்டுகூடத்தான் கேக்கறாங்க. ஏறச் சொன்னா ஏறணும், எறங்கச் சொன்னா எறங்கணும். மொதல்ல அதப் பாப்போம்."

"இப்படியே சொல்லிட்டிருந்தா கிளிக்கு எப்ப றெக்க மொளைக்கும்?"

"சேத்துட்டுப் போறவங்க நெறைய பேரும்மா. ஒடைஞ்சா திட்டு வாங்கறதுக்குத்தான் ஆளில்ல." பிறகு அவரே இறங்கி வந்தார். "சரி. சேக்கறதுக்கு சாவி உங்கிட்டயும் இருக்கு. சாயங்காலத்துக்குள்ள நீயே முடிவு பண்ணு. நான் குறுக்க நிக்கல."

அவர் மறுத்திருந்தால் சண்டை போட்டிருப்பேன். பூட்டே திறந்துகொண்டால் என்ன செய்வது என்று

3

போய்விட்டது. பரவாயில்லை, பாத்திரங்களுக்கு வருவோம்.

அம்மா தையல்காரி. அவளிடம்தான் புது வசதியைச் சோதிக்க நினைத்தேன். "ரெண்டு கையும் துணியில மாட்டிக்குது, வாய் மட்டும் சும்மா இருந்துச்சு. இப்ப அதுக்கும் வேலை குடுத்துட்ட" என்று பூரித்துப்போனாள். அம்மா மூச்சு விடாமல் பேசுபவள். அவள் நிறுத்தினால் நிஜமாகவே பேச்சு முடிந்துவிட்டது என்றுதான் அர்த்தம்.

அம்மா போனில் மட்டும் போடச் சொல்லியிருந்தேன். அக்கா இருவர் போனிலும் போட்டுவிட்டாள். "ஒருத்தருக்குப் போட்டு ஒருத்தருக்குப் போடலேன்னா அப்பா மூஞ்சியத் தூக்கி வெச்சுக்குவாரு. யாரு சமாளிக்கறது? அங்கேருந்து நீயா?" என்றாள். நியாயம்தான். பூட்டு சொன்னது போல, நான் சேர்த்துவிட்டு வந்தவள். இருந்து பார்த்துக்கொள்பவள் அவள்.

அப்பா பேருந்து ஓட்டுநராக இருந்தவர். வாக்கியத்திலும் நிறுத்தத்துக்கு நிறுத்தம் நிற்பார், ஏற வேண்டிய சொற்கள் ஏறட்டும் என்பது போல. போனில் கூப்பிட்டால் "சாப்டியா" என்பதோடு சரி. பழைய கிளியிடம் மட்டும் மனம் விட்டுப் பேசுவார். பொத்தானை அழுத்துவார், பேசுவார், நிற்பார், மறுபடி பேசுவார், எல்லாம் முடிந்த பிறகே அனுப்ப அழுத்துவார். அதுவரை என் திரையில் 'அப்பா பேசுகிறார்' என்று ஒரு வரி பொறுமையாகத் தெரியும்.

இன்று காலை, புதுக் கிளியின் வழியாக வந்த செய்தி:

"வேலை கிடைக்கலேன்னா நீ"

அவ்வளவுதான். உடனே கூப்பிட்டேன்.

"அப்பா, ஏதோ சொல்ல வந்தீங்களே?"

"அதான் சொல்லிட்டேனே."

"பாதிதான்பா வந்துச்சு."

"அப்படியா? ஒண்ணுமில்ல. இரு, அம்மாகிட்ட குடுக்கறேன்."

மீதியையும் அவர் சொல்லியிருக்கிறார். காதை மூடிக்கொண்ட போனிடம். காதை மூடச் சொல்லிக்கொடுத்தவள்

4

நான்தான்.

கதாசிரியர் என்ற முறையில் முடிவுகளை நானே போட்டுப் பார்த்தேன். 'வேலை கிடைக்கலேன்னா நீ கவலப்படாத.' இது காலண்டரில் அச்சடிக்கும் வாசகம், அப்பா அப்படிப் பேச மாட்டார். 'நீ கெளம்பி வந்துடு.' இதைக் கேட்டால் அழுவேன், எந்தக் காரணத்துக்காக என்றுதான் தெரியவில்லை. 'நீ அவ்ளோ தூரம் போனதே வீண்.' இதை அவர் சொல்லவே மாட்டார். என் மனசுக்குள் அடிக்கடி ஓடுவது ஆனால் இதுதான். [இந்தப் பத்தியை வெட்ட வேண்டும். அப்பாவும் படிப்பார்.]

என் அப்பாவுக்கே இப்படியென்றால், திக்கிப் பேசுபவர்கள், அழுகையை அடக்கிக்கொண்டு பேசுபவர்கள், சொல்லலாமா வேண்டாமா என்று நடுவில் தயங்குபவர்கள்? கிளி அத்தனை பேரையும்

5

பூட்டைக் கூப்பிட்டேன்.

"சேத்துட்டியா?"

"இல்லண்ணா. கதவ மூடிடுங்க. ஒருத்தர் யோசிக்கறதுக்கும் முடிச்சிட்டதுக்கும் என்ன வித்தியாசம்னு கிளிக்கு இன்னும் தெரியல. அதச் சரி பண்ணி அடுத்த தடவ எடுத்துட்டு வரேன். இருந்து நானே பாத்துக்கறேன்."

"திங்கக்கெழம இன்டர்வியூல என்னத்தக் காட்டுவே?"

"ஏன் சேக்கலேன்னு சொல்லுவேன்."

"அதக் கேட்டு வேலை குடுக்கற எடமா இருந்தா எனக்கும் ஒரு சீட்டு கேளு" என்று சிரித்தார். அவர் சிரித்து நான் கேட்டது இதுதான் முதல்முறை.

அம்மாதான் கொதித்தாள். "அவரு நின்னு நின்னு பேசறதுக்கு என் வாயக் கட்டுவியா?" சோதனைப் பதிப்பு அவளிடமே இருக்கட்டும் என்று சமாதானம் ஆயிற்று. அப்பா போனில் அக்கா பழைய கிளியைத் திரும்பப் போட்டாள். என் போனில் நானும் போட்டுக்கொண்டேன். இந்தப் பகுதி எங்கும் ஒடியவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். நடுவில் நெடுநேரம் சும்மாவும் நின்றேன்.

அக்காவின் செய்தி: "அப்பா கண்ணாடியப் போட்டுட்டு உன் கதையப் படிச்சாரு. வெட்டறேன்னு சொன்னியே, அந்தப் பத்தியையும். இப்ப போனத் தூக்கிட்டு வாசலுக்குப் போயிருக்காரு."

இயந்திரம் சுற்றி முடித்து நின்றுவிட்டது. துணியை எடுக்கவில்லை. திரையில் அந்த வரி தெரிகிறது: அப்பா பேசுகிறார். மறையவில்லை. இன்னும் பேசுகிறார், அல்லது நிற்கிறார். சொற்கள் ஏறிக்கொண்டிருக்கின்றன.

உங்களுக்கு அவசரமென்றால், மேலே நான் போட்டுப் பார்த்த மூன்று முடிவுகளில் ஒன்றை எடுத்துக்கொண்டு இங்கேயே இறங்கிக்கொள்ளுங்கள். நான் வண்டியில்தான் இருக்கிறேன்.